தேய்ப்புக்கான நாட்களை வெட்டாதீர்கள்: சரக்கு வண்டி நிறுவனங்களுக்கு ஒரு பெயின்டரின் திறந்த மடல்

பராமரிப்பு மேலாளர்களுக்கும் வண்டி உரிமையாளர்களுக்கும்,

போன மாதம் எங்கள் பட்டறைக்கு வந்த வேலை ஆணையில் ஒரு வரியைக் காணவில்லை. "மேற்பரப்புத் தயாரிப்பு: 3 நாள்" என்று இத்தனை வருடமாகத் தனியாக இருந்த வரி அது. இப்போது "பெயின்டிங், தயாரிப்பு உட்பட: ஒன்றரை நாள்" என்று மட்டும் இருந்தது. கேபின், சேசிஸ், பின்பக்க பாடி எல்லாம் சேர்த்து, வண்டி ஒன்றுக்கு ஒன்றரை நாள். போன் செய்து கேட்டேன். "பெயின்ட் அடிக்கிறதுக்குத்தானே காசு கொடுக்கிறோம், தேய்க்கிறது துடைக்கிறதெல்லாம் அதுக்குள்ளேயே அடங்கிடும்" என்றார்கள். ஒருவர் மட்டும் இப்படிச் சொல்லியிருந்தால் அவரிடமே பேசித் தீர்த்திருப்பேன். இந்த வருடத்தில் இதைச் சொல்லும் மூன்றாவது நிறுவனம் இது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் 22 வருடமாக லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவன். முதல் நான்கு வருடம் ஸ்ப்ரே கன்னைத் தொடவே என்னை விடவில்லை. கையில் உப்புத்தாளும் ஈரத்துணியும்தான். கன் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும், எதன்மேல் அடிக்கலாம், எதன்மேல் அடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் வருடங்கள் ஆகும் என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். நீங்கள் ஆணையிலிருந்து எடுத்துவிட்டது அந்த வேலையைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படி ஓர் அவசரத்துக்கு நானும் தலையாட்டினேன். நீல நிறக் கேபின். பழைய பெயின்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கதவில் பழைய நிறுவனப் பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. இரண்டு நாளில் வண்டி வேண்டும் என்றார்கள். ஸ்டிக்கரை உரித்தோம், சோப்புத் தண்ணீரில் கழுவினோம், மேலோட்டமாக ஒரு தேய்ப்பு, உடனே பெயின்ட். வெளியே போகும்போது கண்ணாடி மாதிரி மின்னியது. மேலாளர் போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

ஏழாவது மாதம் அதே வண்டி திரும்பி வந்தது. கதவின் கீழ்மூலையில் கல் தெறித்து ஒரு சின்னப் பொட்டு. அதன் ஓரத்தில் நகத்தை வைத்துத் தூக்கினேன். கையகலத்துக்கு ஒரு தாளாகக் கழன்று வந்தது. அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் வழவழவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. அதில் பழைய ஸ்டிக்கர் எழுத்துகளின் விளிம்பு இடவலம் மாறி அப்படியே பதிந்திருந்தது, வாசிக்க முடிகிற அளவுக்கு. அதாவது என் பெயின்ட் அந்தக் கேபினைப் பிடிக்கவே இல்லை. பழைய பெயின்டின் பளபளப்புக்கு மேலும் ஸ்டிக்கர் பசைக்கு மேலும் ஏழு மாதம் சும்மா படுத்திருந்தது.

முடியாத வேலையை முடியும் என்று சொன்னது என் தப்பு. அந்தக் கேபினை என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். ஆனால் அதற்காக வண்டி இன்னும் ஐந்து நாள் ஓடாமல் நின்றது. முதலில் மிச்சம் பிடித்த நாட்களோடு அந்த ஐந்தையும் வைத்துப் பாருங்கள், நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று.

அந்த 3 நாளில் நாங்கள் என்னதான் செய்கிறோம் என்று உங்களில் பலர் நேரில் பார்த்ததில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

காரும் லாரியும் ஒன்றல்ல. டிரெய்லர் மாட்டும் தட்டைச் சுற்றி கிரீஸ் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். டீசல் டாங்க் பக்கம் முழுக்க டீசல் வழிந்து புழுதியோடு சேர்ந்து இறுகியிருக்கும். பேட்டரிப் பெட்டியைச் சுற்றி அமிலம் பட்டிருக்கும். சக்கர வளைவுக்குள் தார், பிரேக் தூள். உரமோ உப்போ ஏற்றிய வண்டியென்றால் தளத்தின் இடுக்கெல்லாம் அதுதான். இவ்வளவையும் முதலில் எடுக்க வேண்டும், அப்புறம்தான் தாளைக் கையில் எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் தாள் அந்த எண்ணெயைக் கீறலுக்குள் இழுத்துத் தேய்த்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை துடைத்தாலும் முழுதாக வராது. டிரைவர் ஆசையாகப் போடும் டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் பலவற்றில் சிலிக்கோன் என்ற வழுக்கும் பொருள் இருக்கிறது. அதில் ஒரு துளி கேபின் தகட்டில் தங்கிவிட்டால் போதும், அடிக்கிற பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி, மீன் கண் மாதிரி குழி குழியாக நிற்கும்.

எண்ணெய் எடுக்கும் கரைசலை ஒரு துணியில் நனைத்துத் தடவ வேண்டும். அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணியால் செய்தால் எண்ணெயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ப் பூசியதாக ஆகும். காயவிட்டாலும் அதே கதைதான், கரைந்த எண்ணெய் அங்கேயே திரும்ப உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு தடவைக்கு இரண்டு கை அகலம்தான் செய்ய முடியும். ஒரு பெரிய பாடியை இரண்டு கை அகலமாகப் பிரித்துப் பாருங்கள், எத்தனை தடவை வருகிறது என்று. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க நல்ல தண்ணீரைத் தெளிப்போம். தண்ணீர் ஒரே படலமாக விரிந்து நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடியும் முதலிலிருந்து. இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை. உங்கள் ஆள் யாரை அனுப்பினாலும் அவர் கண்முன்னாலேயே செய்து காட்டுவேன்.

அப்புறம் பழைய பெயின்ட். தின்னர் நனைத்த துணியை ஓர் ஓரத்தில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்போம். இளகி நிறம் துணியில் வந்தால் அது ஹார்டனர் (இறுக வைக்கும் மருந்து) கலந்த பெயின்ட் இல்லை, அதற்கு மேல் நேராக அடித்தால் சுருக்கம் விழுந்து தூக்கிக்கொள்ளும். இளகாமல் நின்றால் நல்லது. ஆனாலும் பெயர்ந்த இடங்களில் ஓரத்தைச் சரிவாக்கியே ஆக வேண்டும். 80ஆம் நம்பர் தாளில் தொடங்கி, 180, 240 என்று படிப்படியாகப் போக வேண்டும். நம்பர் கூடக் கூடத் தாளின் துகள் பொடியாகும். நடுவில் ஒரு படியைத் தாண்டலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: 80ஆம் நம்பர் தாளில் இருக்கும் துகள் சராசரியாக 200 மைக்ரான், 400ஆம் நம்பரில் 35 மைக்ரான். நீங்கள் கடைசியில் கண்ணால் பார்க்கிற வண்ணப் பூச்சின் கனமே சாதாரணமாக 50, 60 மைக்ரான்தான். முரட்டுத் தாளின் கீறலை அடுத்தடுத்த தாள்களால் எடுக்காமல் விட்டால், ஒரு மாதத்தில் பூச்சு முழுசாக இறுகும்போது கீறல்கள் கோடு கோடாக மேலே தெரியும். ஓரம் சரியாக வந்துவிட்டதா என்பதைக் கண் சொல்லாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பெயின்டிலிருந்து இரும்புக்கு விரல் இறங்குவது தெரியக் கூடாது.

பட்டி பார்ப்பது தனி வேலை, அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 100 கிராமுக்கு 2 கிராம் அளவில்தான் ஹார்டனர் சேர்க்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டிப் போட்டால் பின்னால் வண்ணத்தில் கறையாகத் தெரியும். பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கவும் கூடாது, அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு அடியிலிருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். நேரம் இல்லாத இடத்தில் இந்த இரண்டு தப்பும்தான் முதலில் நடக்கும்.

துருவுக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான். "கிரைண்டரைப் போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டாங்களே, இன்னும் என்ன?" என்று கேட்கிறீர்கள். கம்பி பிரஷ்ஷைச் சுற்றவிட்டால் துருவும் பளபளக்கும். ஒரு பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பளபளப்பைப் பாருங்கள், ஊசி முனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு குழி. அதன் அடியில் துருவும் உப்பும் உட்கார்ந்திருக்கும். மேலே பெயின்ட் அடித்து மூடிய பிறகு, அந்த உப்பு பூச்சு வழியாகவே ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும். முதலில் கொப்புளம் எழும். துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும், அதனால் அடியிலிருந்து பூச்சைத் தூக்கிக்கொண்டே போகும். சேசிஸுக்கு இதனால்தான் துகள் வீச்சு, அதாவது காற்றழுத்தத்தில் துகள்களை வீசித் துருவெடுப்பது, வேண்டும் என்று கேட்கிறோம். இரும்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 8501 என்ற சர்வதேசத் தரத்தில் எஸ்ஏ இரண்டரை என்று ஒரு நிலை இருக்கிறது. எண்ணெய், துரு, பழைய பெயின்ட் எல்லாம் போய், புள்ளியாகவோ கோடாகவோ லேசான கறை மட்டும் மிஞ்சலாம் என்பது அதன் பொருள். கிரைண்டரால் அதைக் கொண்டுவர முடியாது. அப்படி எடுத்த இரும்பை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கவும் முடியாது, சில மணி நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும்.

ஒரு மேலாளர் காலை எட்டு மணிக்கு வந்து, என் ஆட்கள் நான்கு பேர் கன்னைத் தொடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சும்மா நிற்கிறதுக்குத்தான் மூன்று நாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அன்று காலை இரும்பு குளிர்ந்து கிடந்தது. தகட்டின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாத நீர்ப்படலத்தின் மேல் பிரைமர் அடித்தவர்கள் ஆவோம். நாங்கள் வெயில் ஏறக் காத்திருந்தோம். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் வண்டிக்காகச் செய்த வேலை.

எல்லா வண்டியும் ஒரே இரும்பு இல்லை என்பதையும் ஆணை எழுதும்போது நினைவில் வையுங்கள். அலுமினியப் பாடிக்கும் டாங்குக்கும் இரும்பில் போட்ட பிரஷ்ஷையோ தாளையோ போடக் கூடாது. இரும்புத் துகள் அதில் புதைந்து அந்த இடத்திலிருந்தே அரிக்கத் தொடங்கும். துத்தநாக முலாம் பூசிய தகட்டுக்கு வேறு முறை, ஃபைபர் பம்பருக்கு வேறு முறை. "ஒரு வண்டிக்கு இவ்வளவு" என்று ஒரே கணக்கில் எழுதினால் இதில் ஏதோ ஒன்று தவறாகத்தான் செய்யப்படும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம், அழகு, ஆயுள் சம்பந்தப்பட்டது. இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது.

போன வருடம் ஒரு பழைய சேசிஸைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில், ஓர் ஓட்டையின் விளிம்பிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு செங்கோடு இறங்கியது. என்னோடு வேலை செய்யும் பையன் அதைப் பெயின்ட் கீறல் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான், போகவில்லை. நான் குனிந்து துடைத்துப் பார்த்தேன். துடைத்த ஐந்து நிமிடத்தில் அந்தக் கோட்டிலிருந்து மறுபடியும் துருத் தண்ணீர் கசிந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. விரிசல். நான்கு விரல் நீளம். மேலே இரண்டு கோட் பழைய பெயின்ட் அதை மூடியிருந்தது, எனக்கு முன்னால் யாரோ அவசரத்தில் அடித்தது.

அலுவலகத்துக்குச் சொன்னேன். "நாளைக்கு லோடு இருக்கு, இப்போ அடிச்சு அனுப்புங்க, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. நான் அடிக்கவில்லை. வண்டியை அப்படியே நிறுத்திவைத்து, போட்டோ எடுத்து அனுப்பி, எழுத்தில் பதில் கேட்ட பிறகுதான் மெக்கானிக் வந்தார். ஒன்றரை நாள் கணக்கில் வேலை நடந்திருந்தால் அந்தப் பையன் அங்கே சுரண்டியிருக்கவே மாட்டான். விரிசலுக்கு மேல் மூன்றாவது கோட் ஏறியிருக்கும். வண்டியும் முழு லோடோடு சாலையில் ஓடியிருக்கும்.

சக்கரமும் அப்படித்தான். வீல் டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றோடொன்று உட்காரும் முகத்தில் கனமாகப் பெயின்ட் இருந்தால், ஓடும்போது அது நசுங்கி, நட்டின் இறுக்கம் தளரும். அந்த முகங்களையும் நட்டு உட்காரும் இடத்தையும் ஸ்டட்டையும் மறைத்துக் கட்ட நேரம் வேண்டும். காற்று பிரேக்கின் ரப்பர் ஹோஸ்கள், சென்சார்கள், சேசிஸ் எண் பொறித்த இடம், ஆக்ஸிலின் மூச்சுத்துளை என்று மறைக்க வேண்டிய இடங்கள் ஒரு லாரியில் நிறைய. மாஸ்கிங் டேப்பை மிச்சம் பிடிக்கிற வேலையில் இவைதான் முதலில் விட்டுப்போகும்.

எங்கள் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய லாரிகளின் மஞ்சள், சிவப்புப் பூச்சுகள் பலவற்றில் ஈய குரோமேட் நிறமி உண்டு. அதை உலர்வாகத் தேய்த்தால் ஈயமும் குரோமியமும் தூளாக மூக்குக்குள் போகும். பெயின்டர் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வேலைகளின் பட்டியலில் 1989-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்தது. மலிவு என்று சாதாரண மணலை வீசித் துருவெடுக்கச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சிலிக்கா தூள் நுரையீரலை இறுக்கிக் கொல்லும் என்பதால் வார்ப்படங்களை மணல் வீசிச் சுத்தம் செய்வதைப் பிரிட்டன் 1949-லேயே சட்டம் போட்டு நிறுத்தியது. அதற்குப் பதில் இரும்புத் துகளோ கார்னெட் என்ற கனிமத் துகளோ போதும். தூசி உறிஞ்சும் தேய்ப்பு மெஷினும் நல்ல முகக்கவசமும் இருந்தால் தூளையும் அடக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் காசும் நிதானமும் வேண்டும். நேரம் குறையும்போது என் ஆட்கள் முதலில் கழற்றுவது முகக்கவசத்தைத்தான். மூச்சு வாங்க வேகமாகத் தேய்க்கும்போது அதைப் போட்டுக்கொண்டிருக்க முடியவில்லை என்கிறார்கள். அவர்களை நான் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

வேலை ஆணையில் மேற்பரப்புத் தயாரிப்பை மறுபடியும் தனி வரியாகப் போடுங்கள். தனி நேரம், தனிக் கூலி. முழு வண்டி என்றால் 3 நாள் குறையக் கூடாது. துரு அதிகம் உள்ள சேசிஸ் என்றால், கழுவி முடித்த பிறகு நானும் உங்கள் ஆளும் சேர்ந்து பார்த்து நாளை முடிவு செய்வோம். கழுவாத வண்டியின் போட்டோவைப் பார்த்து விலை கேட்காதீர்கள்.

பிரைமர் ஏறும் முன் ஒரு தடவை, வண்ணம் ஏறும் முன் ஒரு தடவை உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தண்ணீர் தெளித்துப் பார்க்கட்டும், விரலால் தடவிப் பார்க்கட்டும், பூதக்கண்ணாடியும் கொண்டுவரட்டும். வண்ணம் ஏறிய பிறகு வந்து மினுமினுப்பைப் பார்ப்பதில் பயன் இல்லை.

சேசிஸைச் சுரண்டும்போது விரிசலோ, தளர்ந்த ரிவெட்டோ, அரித்துப்போன பிரேக் பைப்போ கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவைக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று ஆணையிலேயே எழுதுங்கள். மெக்கானிக் வந்து பார்த்து எழுத்தில் சொல்லும் வரை அந்த இடத்தில் பெயின்ட் ஏறாது. அதற்காகும் நாள் எங்கள் தாமதக் கணக்கில் வரக் கூடாது.

தூசி உறிஞ்சும் மெஷின், முகக்கவசத்தின் ஃபில்டர், மணலுக்குப் பதில் கார்னெட் ஆகியவற்றின் செலவை விலைப்பட்டியலில் காட்டும்போது அதை அடித்துவிடாதீர்கள்.

கடைசியாக, போன மாத ஆணையை அனுப்பிய நிறுவனத்துக்கு: உங்கள் எட்டு வண்டிகளில் முதலாவது இப்போது எங்கள் பட்டறையில் கழுவி நிற்கிறது. இடதுபக்கப் படிக்குக் கீழே துரு ஓட்டை விழுந்திருக்கிறது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். திருத்திய ஆணை வந்த அன்றே வேலையைத் தொடங்குகிறேன். அதுவரை அதன்மேல் பெயின்ட் ஏற்ற மாட்டேன்.